பார்வதி அக்கா வளவில் வெட்டிய குழி

எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் இப்போது பயணக் கதை எழுதுகிறார்கள். அண்ணன் கனடாவிலிருந்து பனியைப் பற்றி எழுதுகிறான். மச்சாள் பாரிஸ் ரயிலைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறாள். நானும் ஒரு வெளிநாட்டுக்குப் போய் வந்தவள்தான். வெளியே போக ஒரு அனுமதித் துண்டு, உள்ளே நுழைய ஒரு துண்டு, அங்கே தங்க ஒரு பாஸ், பிணை நிற்க அந்த ஊர்க்காரர் ஒருவர், மூட்டை முடிச்சையெல்லாம் தரையில் கொட்டிக் காட்டுகிற வரிசை. இவ்வளவும் கேட்கிற இடத்தை வெளிநாடு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அந்த நாட்டின் பெயர் வவுனியா. பாதை திறந்திருந்தால் உடையார்கட்டிலிருந்து சைக்கிளில் ஒரு பகலில் போய்விடலாம். எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது.

போனது மூன்று பேர். நான், என் மனுசன் மரியநாயகம், நாலு வயது மகள் ஜெனி. பிள்ளையின் வலது கைக்காகத்தான் போனோம்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணம் முடித்து ஏழாம் மாதம் சண்டையால் கரையை விட்டு எழும்பினோம். பிறகு கொஞ்சக் காலம் முரசுமோட்டை, கொஞ்சக் காலம் உருத்திரபுரம், கடைசியாக உடையார்கட்டு. கடலில் வலை இழுத்த மனுசன் முரசுமோட்டையில் அரிவி வெட்டப் போனார். முதல் நாளே நெல்லோடு சேர்த்துச் சுண்டுவிரலையும் அறுத்துக்கொண்டு வந்தார். வயல்காரர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

எந்த ஊரில் போய் இறங்கினாலும் எங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. மூட்டையை இறக்கியதும் முதல் வேலை பங்கர் வெட்டுவது. அது முடிந்த பிறகுதான் அடுப்புக்கு மூன்று கல். மாதா படத்துக்கு ஆணி அடிப்பதெல்லாம் அதற்கும் பிறகு. பங்கர் நேராக இருக்கக்கூடாது, 'ட' எழுத்தைப்போல மடங்கியிருக்க வேண்டும். வாசலில் ஷெல் விழுந்தாலும் மடிப்புக்குள் இருப்பவர் தப்பலாம். மேலே மரக்குற்றி அடுக்கி, அதன்மேல் மண் நிரப்பிய உரப்பைகளைப் போட வேண்டும். புது ஊரில் வேலி அடைக்காவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பங்கர் வெட்டாவிட்டால் அயலவர் வந்து ஏசிவிட்டுப் போவார்கள். என் மனுசன் வெட்டுவதில் கெட்டிக்காரர். அடுத்த வீட்டு வளவுக்காரரும் வந்து இவரைக் கூட்டிப் போவார்கள்.

பிள்ளைக்குக் கை எரிந்தது உருத்திரபுரத்தில். அப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அபூர்வம். ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிப்போம். அன்று மாலை கிடைத்த எண்ணெயில் என்ன கலந்திருந்ததோ, திரி பற்றியதும் போத்தல் வெடித்தது. நெருப்பு பிடித்த திரி ஜெனியின் கையில் விழுந்தது. உதறிவிடத் தெரியாமல் அவள் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? புண் ஆறும்போது விரல்கள் பொத்தினபடியே ஒட்டி ஆறிவிட்டன. அடுத்த இடப்பெயர்வில் ஒருவரும் அந்தக் கையை விரித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

உடையார்கட்டில் எங்கள் பக்கத்து வளவில் இருந்தது ஒரு மலையகக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் அக்கா பார்வதி வவுனியாவில் அரிசி ஆலையில் வேலை செய்தாள். அவள்தான் எங்களுக்குப் பிணை நிற்கச் சம்மதித்துக் கடிதம் அனுப்பியவள். முகம் தெரியாத எங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட மனுசி.

முதல் நாள் சைக்கிளில் போனோம். ரியூப் கிடைக்காத காலம், ரயருக்குள் வைக்கோல் அடைத்திருந்தார் இவர். நடுவழியில் ரயர் வெடித்து வைக்கோல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு மாடுகள் எங்களுக்குப் பின்னாலேயே வரத் தொடங்கின. ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பயணத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். மிச்சத் தூரத்துக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினோம். கட்டிக்கொண்டு போன குரக்கன் ரொட்டி இரண்டாம் நாளே கல்லாகிவிட்டது. தண்ணீரில் ஊறவைத்துத் தின்றோம்.

மூன்றாம் நாள் ஆமியின் சோதனை வரிசை. பார்வதி அக்காவுக்கென்று ஒரு பொதி கருவாடு கொண்டு போயிருந்தேன். ஒரு பெடியன் ஆமிக்காரன் இரும்புக் கம்பியை அதற்குள் குத்திக் குத்திப் பார்த்தான். பிறகு கம்பியை மணந்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்கு அந்தப் பாஷை தெரியும்.

"தாய் வீட்டு மணமாம். லீவிலை போய் எட்டு மாதமாம், அதைச் சொல்லுறான்," என்றார்.

அவன் பொதியைத் திரும்பக் கட்டித் தந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வவுனியாவில் பார்வதி அக்கா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருசன் இல்லை, பிள்ளைகள் கொழும்பில் கடையில் வேலை. கருவாட்டுப் பொதியை வாங்கி வைத்துவிட்டு, "சாமான்ல என்னங்க இருக்கு, நீங்க வந்து சேந்ததே பெருசு. மொதல்ல சாப்புடுங்க," என்றாள். குசினிக்குப் பக்கத்து அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தாள். அன்று பின்னேரமே பொலிசுக்குக் கூட்டிப்போய்த் தன் அடையாள அட்டை நம்பரை எங்கள் பாசில் எழுதுவித்தாள். பாஸ் ஒரு மாதத்துக்கு. பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்த அறையில் மின்சார பல்ப் இருந்தது. ஜெனி அதற்குக் கிட்டப் போகமாட்டாள். கட்டிலின் மூலையில் இருந்துகொண்டு கன்னத்தை உப்பி உப்பி ஊதினாள். அது அணையாததைக் கண்டு அழத் தொடங்கினாள். பார்வதி அக்கா சுவிச்சை அமத்திக் காட்டினாள். அதன்பிறகு நாள் முழுக்க அந்தச் சுவிச்சோடுதான் பிள்ளைக்கு விளையாட்டு.

சந்தைக்குப் போனால் எனக்குக் கண் கூசும். சவர்க்காரம் அடுக்கடுக்காக இருந்தது. நாங்கள் பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த காலம் அது. இவர் ஒரு கட்டியைக் கையில் எடுத்து வெகு நேரம் மணந்துகொண்டு நின்றார், கடைக்காரர் ஏதும் நினைக்கப் போகிறாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. பேக்கரியில் சூடான பாண், சீனி போட்ட தேத்தண்ணி, பிள்ளைக்கு ஐஸ்பழம். எண்பது கிலோமீற்றருக்கு அங்காலே பிள்ளைகள் சீனியைக் காணாமல் வளருகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பாணை விழுங்கினேன்.

இரண்டாம் கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தைத்தார்கள். ஐந்து விரலையும் நிமிர்த்தி ஒரு கட்டையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். டொக்டர் தமிழர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"வெட்டி விரிச்சது பாதி வேலைதான், அம்மா. மூண்டு மாதம் இஞ்சை நிண்டு கட்டையை மாத்தி மாத்திக் கட்டவேணும். இடையிலை விட்டியளெண்டால் தோல் சுருங்கி விரல் திரும்ப மடங்கும். பிறகு நான் ஒண்டும் செய்ய ஏலாது."

மூன்று மாதம். அதற்குப் பாஸ் இருக்க வேண்டும். நாங்கள் அங்கே செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் இருப்பது.

ஆனால் அந்த ஊரில் ஒரு சத்தம் இருந்தது. பட்டணத்து ஓரத்தில் இருந்த ஆமி முகாமிலிருந்து ஷெல் அடிப்பார்கள். விடியவும் அடிப்பார்கள், மத்தியானமும் அடிப்பார்கள். அது இங்கிருந்து போகிற ஷெல். எங்கள் பக்கம்தான் போகிறது. வவுனியாச் சனம் அந்தச் சத்தத்துக்குள் தேத்தண்ணி குடிக்கும், பஸ் ஏறும், சந்தையில் விலை பேசும். பார்வதி அக்கா அரிசி புடைக்கிற கையை நிறுத்தவே மாட்டாள்.

"இங்க விழாதும்மா. இது போறது, வர்றதில்ல," என்று ஜெனிக்குச் சொல்லுவாள்.

போகிறது எங்கே விழும் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய தங்கச்சியும் அங்கேதான் இருந்தாள்.

நாலு வயதுப் பிள்ளைக்குப் போகிற சத்தம், வருகிற சத்தம் என்றெல்லாம் தெரியாது. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும், அதுதான் அவள் படித்த பாடம். முதல் சத்தத்துக்கே எழும்பி வளவெல்லாம் ஓடினாள். "அம்மா, பங்கர் எங்கை? அம்மா, பங்கர் எங்கை?" சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் கிணற்றடிக் கல்லில் தடக்கி விழுந்தாள். விழுந்தது வலது கையில். கட்டுக்கு மேலால் இரத்தம் வந்தது.

மருந்து கட்டுகிற நேர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "இன்னொரு தரம் விழுந்தால் வைச்ச தோல் கழண்டு வந்திடும். தாய் எண்டு நிக்கிறியள், பிள்ளையைப் பிடிச்சு வைக்கத் தெரியாதே?"

அன்று முழுக்கப் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கைக்குள் கிடந்து திமிறினாள், கடித்தாள். அடுத்த நாள் காலை பார்வதி அக்கா ஆலைக்குப் போன பிறகு இவரிடம் சொன்னேன்.

"பின்வளவிலை ஒண்டு வெட்டுங்கோவன். சின்னனாய். அவள் ஓடிப்போய் இருக்கிறதுக்கு."

இவர் யோசித்தார். "இது எங்கடை இடமில்லை, றீற்றா. அக்காவைக் கேட்டிட்டு வெட்டுவம்."

"கேக்க என்ன கிடக்கு? நாங்கள் எங்கை போனாலும் வெட்டுறதுதானே. பிள்ளையின்ரை கையைப் பாருங்கோ!"

வெட்டச் சொன்னது நான். இதை இத்தனை காலம் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஊரில் இவர்தான் மடையன் என்று பெயர் வாங்கினார். இவரும் வாய் திறந்து என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வெட்டி முடித்தார். வாழைகளுக்குப் பின்னால், சின்னதாக, ஆனால் ஒழுங்காக. மடிப்பு வைத்து, படி வைத்து, பழைய மரக்குற்றிகளை மேலே அடுக்கி. மனுசனுக்கு அரைகுறையாக வெட்டத் தெரியாது. ஜெனி இறங்கிப் பார்த்தாள். மடிப்புக்குள் போய்க் குந்தினாள். பிறகு தலையை நீட்டி என்னைப் பார்த்து, "இப்ப சரி அம்மா," என்றாள்.

பார்வதி அக்கா பின்னேரம் வந்து கண்டாள். "என்னங்க இது, கக்கூசுக் குழியா?" என்று கேட்டாள். நான் சொன்னதும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"அய்யய்யோ. மூடிருங்க தங்கச்சி. இன்னிக்கே மூடிருங்க. ஆமிக்காரங்க பாத்தாங்கன்னா என்ன நெனப்பாங்க?"

எங்களுக்கு அப்போதும் விளங்கவில்லை. குழியில் என்ன குற்றம்? வன்னியில் குழி இல்லாத வீட்டைத்தான் குறை சொல்வார்கள். நான் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "தோல் ஒட்டுமட்டும் அக்கா. பத்து நாள். பிறகு மூடிவிடுறம்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள், கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். போய்க் காய்ந்த வாழைச் சருகு அள்ளி வந்து குற்றிகளின் மேல் பரப்பினாள். வேண்டாம் என்று ஒரு சொல் அழுத்திச் சொல்லியிருந்தால் நாங்கள் மூடியிருப்போம். அவளுடைய இரக்கம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

பிறகு நல்ல நாட்கள். சத்தம் கேட்டால் ஜெனி ஓடாமல் நடந்து போய் இறங்குவாள். தோல் ஒட்டியது. தையல் பிரித்தார்கள். பகலில் கட்டையைக் கழற்றிவிட்டு விரல்களை விரித்து மடக்கிப் பழக்கச் சொன்னாள் அதே மிஸ்ஸி. "மண்ணுக்குள்ளை விளையாட விடுங்கோ. அள்ளட்டும், கொட்டட்டும். அதுதான் நல்ல மருந்து." ஜெனி மண் அள்ளினாள். அரிசி பொறுக்கினாள். சுவிச்சை வலது கையால் போட்டாள். நான் அழுதேன். பார்வதி அக்கா பிள்ளைக்குச் சீனி போட்டு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். பத்து நாள் கழிந்தது. மூடுவோம் மூடுவோம் என்று தள்ளிப் போட்டோம்.

பாஸ் முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு காலை வீடு வீடாகச் சோதனை வந்தது. வழமையான சோதனைதான், ஆட்களை எண்ணிப் பதிவோடு சரிபார்ப்பது. ஒரு அதிகாரி, நாலைந்து ஆமிக்காரர், தமிழ் பேசுகிற ஒருவர். பின்வளவுக்குப் போனவன் வாழைச் சருகைக் காலால் தட்டினான்.

"குப்பைக் குழிங்க சார்," என்றாள் பார்வதி அக்கா.

அதிகாரி குழியைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். தமிழ் பேசுகிறவர் சொன்னார். "குப்பைக்கு எதுக்கு மடிப்பு எண்டு கேக்கிறார்."

இவர்தான் முன்னுக்கு வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன். "ஷெல்லுக்கு ஐயா. பிள்ளை பயப்பிடுறாள், அதுதான் வெட்டினனான்."

தமிழ் பேசுகிறவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டான், தமிழில் திரும்பி வந்தது: "இஞ்சை ஒருநாளும் ஷெல் விழுந்ததில்லை. விழப்போகுது எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

எங்கே போனாலும் வெட்டுவோம், பழக்கம், என்றார் இவர். இந்த மாதிரி வெட்ட எங்கே பழகினாய் என்று அடுத்த கேள்வி. புலியோ என்ற சந்தேகத்தில் இவரை ஜீப்பில் ஏற்றினார்கள், பிணை நின்றவள் என்று பார்வதி அக்காவையும் ஏற்றினார்கள். அவள் ஆலைக்குப் போக உடுத்திருந்த சேலையோடு ஏறினாள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகாம் வாசலில் மூன்று நாள் நின்றேன். பார்வதி அக்காவை அன்று பின்னேரமே விட்டார்கள். என்னைக் கண்டும் நிற்காமல் நடந்து போனாள். இவரை மூன்றாம் நாள் விட்டார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை, இவரும் இன்றுவரை சொல்லவில்லை. பாஸ் நீட்டிக்கப்படமாட்டாது, முடிகிற நாளில் வெளியேற வேண்டும். அதுவே பெரிய கருணை என்றார்கள்.

டொக்டரின் கடிதத்தையும் பிள்ளையையும் கொண்டுபோய் அதிகாரிக்குக் காட்டினேன். ஜெனியின் கையை விரித்துப் பிடித்தேன். அவன் பார்த்தான், உண்மையாகவே பார்த்தான். அந்தப் பக்கமும் ஆஸ்பத்திரி இருக்கிறதுதானே என்று சொல்லச் சொன்னான்.

கடைசி நாள் காலை ஒரு ஆமிக்காரனைக் காவலுக்கு நிறுத்திக் குழியை மூடச் சொன்னார்கள். இவர் நொண்டி நொண்டி மண்ணைத் தள்ளினார். ஜெனிக்கு அது விளையாட்டு. மிஸ்ஸி சொன்ன மண் விளையாட்டு. தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வலது கையால் மண் அள்ளி அள்ளிப் போட்டாள். ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை நிறைய மண். பயணத்துக்குக் கட்டையைக் கட்ட வேண்டிய நேரம் அது. நான் தடுக்கவில்லை.

பார்வதி அக்கா குசினி வாசலில் நின்றாள். மூன்று நாளாக எங்களோடு அவளுக்குப் பேச்சுக் கதை இல்லை. அவளுடைய பெயரை எங்கேயோ எழுதிவிட்டார்கள், கிழமைக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், ஆலையிலும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் போய் அவள் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் வாழையிலையில் சுற்றிய ரொட்டிப் பொதியை என் கையில் வைத்தாள்.

"புள்ள கைய பாத்துக்கங்க," என்றாள். அவ்வளவுதான். கதவை மூடிவிட்டு உள்ளே போனாள். நான் பிறகு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

உடையார்கட்டில் ஒரு மாதம்வரை வவுனியாக் கட்டை தாங்கியது. பிறகு அது கைக்கு அளவில்லாமல் போனது. இவர் பூவரசங் கொப்பில் ஒன்று செதுக்கினார், அது தோலை உரசிப் புண்ணாக்கியது. துணி சுற்றிச் செதுக்கினார், கழன்று விழுந்தது. எங்கள் பக்கத்து வைத்தியசாலையில் காய்ச்சலுக்கே மருந்தில்லை. டொக்டர் சொன்னபடியே நடந்தது. முதலில் சுண்டுவிரல் மடங்கியது. டிசம்பர் நத்தாருக்கிடையில் நாலு விரலும் போய்விட்டன.

மாரி மழையில் எங்கள் பங்கர் இடிந்தது. வெயில் வந்ததும் இவர் மண்வெட்டியோடு இறங்கினார். நான் உரப்பை பிடித்தேன். ஜெனியும் வந்து குந்தினாள். வவுனியாவில் செய்ததுபோலவே வலது கையை மண்ணுக்குள் விட்டுத் தூக்கினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் விட்டாள். மடங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கை அள்ளினனான்தானே, அம்மா?"

இவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் ராசாத்தி," என்றேன். "அள்ளினனீ."